இரண்டாவது சத்தம்

"புல்" என்றார் அண்ணாச்சி. தட்டை விடு என்பதற்கு ஆங்கிலம். பொத்தானை அழுத்தினேன். இடப்பக்கத்து உயரக் கூண்டிலிருந்து ஆரஞ்சுத் தட்டு கிளம்பியது. சுட்டார். தட்டு, தன்னை யாரும் கூப்பிடவில்லை என்பதுபோல, வானத்தின் குறுக்கே மெதுவாகப் போய் சீமைக்கருவேலங்காட்டில் இறங்கியது. அண்ணாச்சி துப்பாக்கியை மடித்து, காலித் தோட்டாவை எடுத்து முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். பறக்கும் தட்டைச் சுடும் ஸ்கீட் மைதானத்தில் பொத்தான் அழுத்துகிறவனின் வேலை அழுத்துவது அல்ல, அதன் பிறகு பார்க்கப்படுவது.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நம் பக்கத்தில் அநேகமாக நான் ஒருவன்தான். இருந்தாலும், அடுத்தவர் குறி தவறியதற்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்குகிற எவரும் இதைத் தன் கதையாக நினைத்துப் படிக்கலாம். சாத்தூருக்கும் விருதுநகருக்கும் நடுவே, அண்ணாச்சியின் கரிசல் நிலத்தில் எங்கள் மைதானம் இருக்கிறது. எதிரெதிரே இரண்டு கூண்டுகள், ஒன்று உயரம், ஒன்று தாழ்வு. நடுவில் அரைவட்டமாக நிற்கும் இடங்கள். கூண்டிலிருந்து தட்டு பறக்கும். பேருக்குத்தான் களிமண் தட்டு, உள்ளே தாரும் சுண்ணாம்புத் தூளும்தான். அதைப் பறக்கும்போதே உடைக்க வேண்டும். உடைந்தால் ஆரஞ்சுப் புகை மாதிரி ஒன்று கொஞ்ச நேரம் காற்றில் நிற்கும். சில மதியங்களில் அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த தட்டை மறந்துவிடுவேன்.

காயப்போட்டது

அண்ணாச்சி பட்டாசுக் கம்பெனி முதலாளி. மனிதர் நல்லவர். குறி தவறினால் மட்டும் தோட்டா பழசு, மருந்து நமுத்துவிட்டது என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மைதானத்துக்குப் போனபோது, கூண்டின் பின்புறம் சாக்கை விரித்து, அதன்மேல் தோட்டாக்களை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார். சிவப்பும் நீலமுமாக, பித்தளை அடிகள் மினுங்க, பார்க்க அழகாகத்தான் இருந்தன. காலையிலிருந்தே வெயிலில் கிடந்திருக்கின்றன. பக்கத்தில் நாற்காலி போட்டு, காக்காய் ஓட்டுகிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

தோட்டா நிழலில் இருக்க வேண்டிய பொருள், சூடேறினால் உள்ளே அழுத்தம் கூடும், தோளைக் குத்தும் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. இரண்டு தோட்டா சுட்டுவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். மிச்சத்தை நான் பொறுக்கி நிழலுக்குக் கொண்டுபோனபோது, என்னிடம் அல்ல, வெயிலிடம் கேட்பவர்போல மேலே பார்த்துச் சொன்னார்:

"வெயில்ல காயாத வெடி எங்கனயாச்சும் வெடிச்சிருக்காய்யா?"

மாதங்கள்

காரியாபட்டியிலிருந்து ஒருவர் வந்தார். பன்றி விரட்டத் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர். பையிலிருந்து எடுத்த தோட்டாவுக்குள் மொச்சைப் பருப்பு அளவில் குண்டுகள். இங்கே கடுகளவு குண்டு மட்டும்தான், ஒன்பதாம் நம்பர், ஒரு தோட்டாவுக்குள் சில நூறு இருக்கும் என்றேன். பெரிய குண்டு போட்டால் பெரிதாக உடையாதா என்று கேட்டார். பன்றி நின்றுகொண்டிருக்கும், தட்டு போய்க்கொண்டிருக்கும். அதற்கு ஒரு குண்டு போதாது, ஒரு வலை வேண்டும்.

அந்த வலையைக் கண்ணால் காட்டத்தான் தாளில் சுட்டுப் பார்ப்போம். ஒரே அளவுக் குண்டு, ஒரே எடை என்றாலும் ஒரு துப்பாக்கிக்கு ஒரு கம்பெனித் தோட்டா ஒத்துவரும், இன்னொன்று வராது. ஒத்துவராத தோட்டாவில் நடுவே ஓட்டையில்லாத இடம் விழும். தட்டு அதற்குள் நுழைந்து போய்விடும். தாளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. அண்ணாச்சியின் மச்சான் அச்சகம் வைத்திருக்கிறார். ஆனால் அங்கிருந்து வந்த காலண்டர் கழிவுத் தாள் முழுவதும் லட்சுமியும் முருகனும். திருப்பி வைத்துச் சுடலாம் என்றேன். "முதுகுல சுடச் சொல்றியா?" என்றார் அண்ணாச்சி. கடைசியில் மாதத் தாள்கள் வந்தன, வரப்போகும் வருடத்து மாதங்கள். சட்டத்தில் ஒட்டி, மூன்று கம்பெனித் தோட்டாக்களையும் சுட்டு, ஒவ்வொன்றாக வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். ஆவணி முழுவதும் சீரான வெளிச்சப் புள்ளிகள். மார்கழியின் நடுவில் ஒரு வாரம் ஓட்டையே இல்லை. ஆவணிக்குச் சுட்ட தோட்டாவையே வாங்குவதென்று முடிவானது. அடுத்த தாளை நான் ஒட்டப் போகும்போது அண்ணாச்சி எட்டிக் கையைப் பிடித்தார்:

"ஐப்பசியை மட்டும் விட்ருய்யா. தீவாளி அதுலதான இருக்கு."

அண்ணாந்து பார்க்கிறவர்கள்

ஜெயந்தி முதலில் வந்தது மதிப்பெண் எழுத. இருபத்தைந்து வயது. அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கிறவள். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது ரைபிள் சுட்டிருக்கிறாள். ஒரு ஞாயிறு அண்ணாச்சியின் விருந்தாளிகள் வரவில்லை. எங்கள் துப்பாக்கிச் சங்கத்தின் பொதுத் துப்பாக்கியைக் கொடுத்து, சும்மா நில்லும்மா என்றோம். சும்மா நின்றவள் முதல் நாளே குறுக்கே போன தட்டை உடைத்தாள். ஒரு வருடத்தில் எங்கள் எல்லாரையும்விட நன்றாகச் சுட்டாள். மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். அதில் தகுதி மதிப்பெண் வந்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். அவளுக்கு அது வேண்டும். வேறெதையும் அவள் அப்படி வேண்டி நான் பார்த்ததில்லை. பழக எங்கள் மைதானத்தை விட்டால் அடுத்தது ஓர் இரவு பஸ் பயணம்.

அவளிடம் ஒரு குறை இருந்தது. எங்கள் பகுதிக்காரர்கள் எல்லாரிடமும் உள்ள குறைதான். சுட்ட கணத்தில் முகம் மேலே போய்விடும். கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு விலகினால் குழல் நின்றுவிடும், குண்டு தட்டுக்கு மேலேயோ பின்னாலேயோ போகும். சுட்ட பிறகும் கன்னத்தை வைத்தபடி தட்டின் வழியிலேயே குழல் ஓட வேண்டும். சொல்வது சுலபம். நானே இந்த வேலைக்கு வருமுன் கம்பெனியில் சாம்பிள் வெடி விடுகிறவனாக இருந்தவன். பற்றவைத்தால் ரெண்டு எட்டு பின்னால் வந்து அண்ணாந்து பார், நிறம் சரியா என்று சொல். அதற்குத்தான் சம்பளம். இங்கே பிறந்தவர்களின் கழுத்து அப்படித்தான் பழகியிருக்கிறது. மாதக்கணக்கில் சொல்லிப் பார்த்தேன். ஜெயந்தி துப்பாக்கியைத் தாழ்த்தி, தட்டு போன திசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நான் என்னண்ணே செய்ய? வெடிச்சா பாக்கத்தானே கண்ணு."

புதன்கிழமை

அதுவரை நாங்கள் ஞாயிறு மட்டும்தான் சுடுவோம். அன்று கம்பெனிகள் எல்லாம் லீவு. போட்டி நெருங்கியதால், ஜெயந்தி அச்சகத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஒரு புதன்கிழமை மதியம் வந்தாள். காற்றே இல்லாத மதியம். தூரத்தில் நெடுஞ்சாலையில் லாரிகள் சத்தமில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. முதல் தட்டை விட்டேன். ஒரு சத்தம். தட்டு உடையவில்லை. எதனால் என்று பேசிக்கொண்டிருந்தோம். துப்பாக்கியை மடித்து மூடும் தாழ் சரியாக விழவில்லை, அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் வண்டித்தடத்தில் புழுதி தெரிந்தது. பெண்கள் ஓடிவந்தார்கள். ஒன்றிரண்டு பேர் காலில் செருப்பில்லை. ஒருத்தி கையில் பாதி கட்டிய சரத்தோடு வந்திருந்தாள். பக்கத்து ஊர்க்காரர்கள். வீட்டுக்கு ஒருவராவது ஏதாவது ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிற ஊர். வேலை நாளில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் எந்தத் திசை என்று யோசிக்காமல் தெருவே ரோட்டுக்கு வந்துவிடும். முன்னால் வந்தவள் மாரியம்மா, ஜெயந்தியின் அம்மா. வெடிக்குள் மருந்து செலுத்துகிற வேலை அவளுக்கு. அன்று உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தவள். கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். எங்களைப் பார்த்தாள். துப்பாக்கியைப் பார்த்தாள்.

"ஏ புள்ள, ஊரையே குலை நடுங்க வச்சது நீதானா?"

காதால் தேர்ந்தது

அன்று மாலையே ஊர்க்கூட்டம். ஞாயிறு தவிர வேறு நாளில் சுட்டால் கலெக்டருக்கு மனுக் கொடுப்போம் என்றார்கள். அவர்கள் சொல்வதில் தவறில்லை என்று எனக்கே தெரியும்போது என்ன வாதாடுவது? ஞாயிறு மட்டும் என்றால் ஜெயந்தி போட்டிக்குப் போகாமலேயே இருக்கலாம். சத்தம் குறைந்த தோட்டா வாங்கிப் பார்க்கிறோம் என்று தவணை கேட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை ஊர்க்காரர்கள் கோயில் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மாரியம்மா கையில் போன். மைதானத்தில் நானும் ஜெயந்தியும். முதலில் கனமான தோட்டா. "நெஞ்சுல விழுது" என்றாள் மாரியம்மா. வழக்கமான தோட்டா. "இதுவும்தான்." மெதுவாகப் போகிற, எடை குறைந்த தோட்டாவை எவ்வளவோ அலைந்து வாங்கியிருந்தேன். அதையும் சுட்டோம். "சின்னதாத்தான் கேக்கு. ஆனா தூரத்துல பெருசா வெடிச்சாலும் இப்படித்தான தம்பி கேக்கும்?" என்றாள்.  தோட்டாவைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த கணக்கில் இது இல்லை.

தோட்டாக்களைப் பெட்டியில் திரும்ப அடுக்கினேன். ஜெயந்தி, இதுதான் கடைசி என்று நினைத்தாளோ என்னவோ, இரட்டைத் தட்டு கேட்டாள். இரண்டு கூண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பும், ஒன்றன்பின் ஒன்றாக உடைக்க வேண்டும். இரண்டு சத்தம், கைதட்டல் மாதிரி அடுத்தடுத்து. போனை அணைக்க மறந்திருந்தோம். அதற்குள்ளிருந்து பல பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிறகு மாரியம்மா:

"இது என்னது? இப்படி அளவா எந்தக் கம்பெனியிலயும் ஒரு ரூமும் வெடிக்காது. இதையே செய்யுங்க. ஒண்ணுன்னா ஓடுவோம், ரெண்டுன்னா நீங்க."

மண்மேடு

ஸ்கீட்டில் எல்லாத் தட்டும் இரட்டை அல்ல. ஒற்றைத் தட்டுகளும் நிறைய உண்டு. ஒற்றைத் தட்டுக்கு ஒரே ஒரு தோட்டா. அதனால் இப்படி ஏற்பாடு செய்தோம். பொத்தானை அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். நான் சங்கத்தின் பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு ஜெயந்திக்குப் பின்னால், பக்கத்து மண்மேட்டைப் பார்த்து நின்றேன். அவள் தட்டுக்குச் சுடுவாள். உடனே நான் மண்ணுக்குச் சுடுவேன். ஊருக்கு இரண்டு கேட்கும். உலகத்திலேயே குறி தவறாமல் நாள் முழுவதும் சுட்டவன் நானாகத்தான் இருப்பேன். மேடு எங்கேயும் போகாது.

இதில் நாங்கள் நினைக்காத ஒன்று நடந்தது. என் சத்தம் பின்னாலிருந்து வரப்போகிறது என்று ஜெயந்திக்குத் தெரியும். அது வரும்வரை அவள் உடம்பு அசையாமல் இருந்தது. கன்னம் கட்டையில், குழல் தட்டின் வழியில். என் சத்தம் கேட்ட பிறகுதான் முகம் மேலே போகும். அதற்குள் தட்டு தூளாகியிருக்கும். முதல் வாரம் தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு சுற்று முழுவதும் ஆரஞ்சுப் புகையாகவே இருந்தது. ஒன்று கலையுமுன் அடுத்தது. சத்தம் கேட்டால் ஓடிவிடும் மயில்கள்கூட வரப்பில் நின்றன. அண்ணாச்சி பொத்தானை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாசத்தைப் பூரா ஓட்டை போட்டுத் தோட்டா தேடுனோம். கடைசில மண்ணுல போட்ட தோட்டாதான்யா தட்டை உடைக்குது."

வெளியூர்

மாநிலப் போட்டி வேறு ஊரில். கூட நான் போனேன். பெரிய மைதானம், வெட்டிய புல், யாருக்கும் யாரையும் தெரியாத அமைதி. அங்கே என்னால் பின்னால் நின்று சுட முடியாது என்பது இருவருக்கும் தெரியும். பஸ்ஸில் ஜெயந்தி ஜன்னல் பக்கம் தூங்குவதுபோல் வந்தாள். தூங்கவில்லை.

முதல் ஒற்றைத் தட்டு. சுட்டாள். உடைந்தது. முகத்தை எடுக்கவில்லை. வராத சத்தத்துக்காகக் காத்திருந்தாள். குழல் வெறும் வானத்தில் தட்டு இருந்திருக்க வேண்டிய இடங்களையெல்லாம் கடந்து மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. புகை கலைந்து வெகுநேரம் ஆகியும் அப்படியே நின்றாள். வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவர் இரண்டடி முன்னால் வந்து, "முடிஞ்சிருச்சும்மா, இறக்குங்க" என்றார். ஒவ்வொரு ஒற்றைத் தட்டுக்கும் அப்படித்தான் நின்றாள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அவரும் கடைசியில் கூடவே காத்திருந்தார்.

தகுதி மதிப்பெண் வந்தது. தாராளமாக அல்ல, வந்தது. மரத்தடியில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள். அழுதாள், சிரித்தாள், எத்தனை உடைத்தாள் என்று சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாரியம்மா கேட்டது ஒன்றுதான். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது:

"இம்புட்டு ஒத்தை விழுந்திருக்கு. அங்கன யாருமே ஓடலையா?"

ஒத்தை

நடுவர் கிளம்பும்போது ஒன்று சொல்லி அனுப்பினார். காத்திருப்பது நல்லதுதான், ஆனால் இவ்வளவு நேரம் நின்றால் தேசியப் போட்டியில் நேரம் கடத்துவதாக எச்சரிக்கை கொடுப்பார்கள். அப்படியென்றால் என் இரண்டாவது சத்தம் இல்லாமல், ஜெயந்தி தானாக முடித்துக்கொள்ளப் பழக வேண்டும். அதாவது வேலை நாட்களில் ஒற்றைச் சத்தம். அதாவது திரும்பவும் ஊரிடம் கேட்க வேண்டும்.

ஊர் சம்மதிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. ஒற்றை கேட்டாலும் நாங்கள்தான் என்று எல்லாரும் வீட்டில் இருந்துவிட்டு, ஒருநாள் அது நாங்களாக இல்லாமல் போனால்?  மாரியம்மாதான் எழுந்தாள். "புதங்கிழமை நான் லீவு போட்டு மைதானத்துல போய் உக்காந்துக்கிறேன். ஒத்தை கேட்டா ஓடாதீக. எது புள்ள சத்தம், எது வேற சத்தம்னு நான் அங்கன இருந்து பாத்துக்கிறேன். வேறன்னா நான் போன் போடுவேன்" என்றாள். மகளைப் பார்த்து, கோபமா என்று தெரியாத குரலில், "எத்தனை புதன்டீ?" என்றாள்.

புதன்கிழமை மதியம் வந்தாள். மாரியம்மாவுக்குத் தார்ப்பாய் நிழலில் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். காதுக்குப் பஞ்சு கொடுத்தேன், இரண்டு காதிலும் வைத்துக்கொண்டாள். போன் கையில். நாற்காலியை மைதானத்தைப் பார்த்துப் போட்டிருந்தேன். அதைத் திருப்பி, கம்பெனிகள் இருக்கும் மேற்குப் பக்கம் பார்க்கப் போட்டுக்கொண்டாள். முதல் ஒற்றைக்கு எழுந்தே விட்டாள். ஊர்ப்பக்கம் பார்த்தேன். வண்டித்தடத்தில் புழுதி இல்லை. அடுத்ததற்குப் பாதி எழுந்து உட்கார்ந்தாள். அதற்கடுத்ததற்கு விரல்கள் மட்டும் போனை இறுக்கின. எனக்குப் பின்னால் மண்மேடு வேலையில்லாமல் கிடந்தது. எந்தத் தோட்டா, எத்தனை கிராம், எந்த நம்பர் குண்டு என்று கேட்டு, சுடப் பழகுகிறவர்களிடமிருந்து எனக்கு இன்னமும் போன் வருகிறது. கூட யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

ஜெயந்தி அடுத்த இடத்துக்கு நடந்து போனாள். தோட்டாவைப் போட்டு, துப்பாக்கியை மூடி, இடுப்பருகே பிடித்துக்கொண்டு நின்றாள். மேற்கே வெயில் வெள்ளையாக இருந்தது. நான் பொத்தானைக் கையில் எடுத்தேன். மாரியம்மா, மேற்கிலிருந்து பார்வையை எடுக்காமல், இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்து, சேலை முந்தியில் முடிந்துகொண்டாள்.